மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸா, ஏபிஎஸ்-சியா, ஃபுல் ஃபிரேமா? மும்பையில் மிரர்லெஸ் கேமரா வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் டோம்பிவிலியிலும் வசிக்கும் வாசகர்கள் கேமரா பற்றிக் கேட்கும் கேள்விகள் பல விதமாகத் தொடங்கினாலும் கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கின்றன. மகளின் நடன அரங்கேற்றத்தைத் தாமே பதிவு செய்ய விரும்பும் பெற்றோர், திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாக்க எண்ணும் இளைஞர், சமையலையும் ஊர்சுற்றலையும் யூடியூபில் பதிவிட விரும்புபவர் ஆகிய மூவருமே சிறிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய) கேமராதான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, எந்த அளவு சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) என்ற இடத்தில் மாதக்கணக்கில் தயங்குகிறார்கள். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், ஏபிஎஸ்-சி, ஃபுல் ஃபிரேம் என்பவை சிறிதிலிருந்து பெரிதாக மூன்று சென்சார் அளவுகள். சென்சார் பெரிதாக இருந்தால் படம் நன்றாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது பாதி உண்மை, மீதிப் பாதிதான் பணத்தை விழுங்குகிறது.

என் கருத்தில் இந்தத் தயக்கம் தீர இரண்டு கேள்விகளுக்கு நேர்மையாக விடை சொன்னால் போதும். நீங்கள் படம் எடுக்கப்போகும் இடங்களிலேயே மிக இருண்டது எது? கேமராவை நிறுத்தாமல் சுமக்க வேண்டிய வேளைகளிலேயே மிக நீண்டது எது? மெகாபிக்சல் எண்ணிக்கை, நொடிக்கு எத்தனை படம் எடுக்கும், எந்த நிறுவனத்தின் வண்ணம் அழகு போன்றவை இந்த இரண்டு விடைகளுக்குப் பிறகு வருபவை.

முதலில் அளவுகோல்கள்

ஒளியிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் இங்கேதான் தவறான கணக்குகள் அதிகம். மும்பைத் தமிழர்கள் பதிவு செய்ய விரும்பும் தருணங்களில் பெரும்பகுதி கூரைக்குக் கீழே, மாலைக்குப் பிறகு நிகழ்கிறது: சபா மேடை, திருமண மண்டபம், கோவில் வெளிமண்டபத்துக் கச்சேரி, ஒற்றை ட்யூப்லைட் எரியும் வீட்டுச் சமையலறை. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு, அதாவது ஒரே துளையிலும் (லென்ஸ் ஒளியை உள்ளே விடும் திறப்பு; எஃப்/ எண் குறையக் குறைய அது பெரிது) ஒரே ஷட்டர் வேகத்திலும் இரண்டு ஸ்டாப் அதிக ஒளியைப் பெறுகிறது. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு. சிறிய சென்சாரில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வைக் கூட்டும் அமைப்பு) 1600இல் தெரியும் இரைச்சல், அதாவது படத்தில் படியும் புள்ளிகள், அதே தலைமுறைப் பெரிய சென்சாரில் 6400ஐ ஒட்டித்தான் தெரியும். ஏபிஎஸ்-சிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸுக்கும் இடையிலான வேறுபாடோ மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் மட்டுமே. பலர் நினைப்பதைவிட இது மிகக் குறைவு.

ஆனால் சென்சாருக்கு ஒளியைக் கொண்டு சேர்ப்பது லென்ஸ். சோனியின் சிறிய ஃபுல் ஃபிரேம் பாடிகளுடன் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) சேர்த்து விற்கப்படும் 28–60 மி.மீ. கிட் லென்ஸின் துளை எஃப்/4இல் தொடங்கி எஃப்/5.6இல் முடிகிறது. பானசோனிக்கின் 25 மி.மீ. எஃப்/1.7 லென்ஸ் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் ஃபுல் ஃபிரேமின் 50 மி.மீ. லென்ஸுக்கு நிகரான கோணத்தைத் தருகிறது, எடை வெறும் 125 கிராம். எஃப்/1.7க்கும் எஃப்/5.6க்கும் இடையே ஏறத்தாழ மூன்றரை ஸ்டாப் வேறுபாடு உண்டு. அதில் பெரிய சென்சாரின் இரண்டு ஸ்டாப்பைக் கழித்தாலும், இருண்ட மண்டபத்தில் சிறிய கேமராவே ஒரு ஸ்டாப்புக்கு மேல் முன்னால் நிற்கும். கையிருப்பு முழுவதையும் ஃபுல் ஃபிரேம் பாடியில் போட்டுவிட்டு கிட் லென்ஸோடு நின்றுபோகிறவர், எதற்காகப் பெரிய சென்சார் வாங்கினாரோ அந்தப் பயனை இழக்கிறார். அதே பாடியில் 186 கிராம் எடையுள்ள சோனி 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டினால் கணக்கு மறுபடி தலைகீழாகி, ஃபுல் ஃபிரேம் தன் இரண்டு ஸ்டாப்பை முழுதாக மீட்டுக்கொள்ளும். ஆகவே பாடியையும் பாடியையும் ஒப்பிடாதீர்கள். நீங்கள் உண்மையில் வாங்கப்போகும் பாடி–லென்ஸ் இணையைத்தான் இன்னோர் இணையோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் சுமை. காலை எட்டரை மணிக் கல்யாண் லோக்கலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு எடையைவிடப் பையின் பருமனே சிக்கல். கணபதி விசர்ஜன நாளில் லால்பாகிலிருந்து கிர்காவ் சௌபாத்திவரை கூட்டத்தோடு நகர்பவருக்கு, கேமராவைத் தலைக்கு மேல் ஒரு கையால் தூக்கி எத்தனை நிமிடம் நிலையாகப் பிடிக்க முடியும் என்பதே எல்லை.

மூன்றாவது, வீடியோவுக்கே உரிய தேவைகள். கையதிர்வைப் பாடியிலேயே ஈடுசெய்யும் வசதி, நடப்பவரின் முகத்தை விடாமல் பின்தொடரும் ஆட்டோஃபோகஸ், மைக் மாட்டும் துளை ஆகிய மூன்றும் இல்லாத பாடியை வீடியோவுக்கென்று வாங்க வேண்டாம். நம் நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. கேமராவை பிஏஎல் (PAL) எனப்படும் வீடியோ முறைக்கு மாற்றி, நொடிக்கு 25 ஃபிரேமில், ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் படத்தில் ஒளிப் பட்டைகள் ஓடா. அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து 1/60இல் வைப்பவர்களின் படத்தில்தான் அவை ஓடுகின்றன. எந்தக் கேமராவானாலும் இது பொருந்தும் என்பதால், கேமராவைக் குறை சொல்லும் முன் இதைச் சரிபாருங்கள்.

நான்காவது, கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பது. மறுபடி நடத்த முடியாத நிகழ்வைக் கூலிக்குப் பதிவு செய்பவருக்கு இரண்டு மெமரி கார்டு துளை என்பது ஆடம்பரம் அல்ல. ஐந்தாவதாக ஈரப்பதம், ஆறாவதாக மொத்தச் செலவு. இவ்விரண்டையும் பின்னால் தனியே எடுத்துக்கொள்கிறேன்.

எண்களில் மூன்று தரப்புகள்

| | மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் | ஏபிஎஸ்-சி | ஃபுல் ஃபிரேம் |
|---|---|---|---|
| சென்சார் | 17.3 × 13 மி.மீ. | ஏறத்தாழ 23.5 × 15.6 மி.மீ. | 36 × 24 மி.மீ. |
| பரப்பு | ஏறத்தாழ 225 ச.மி.மீ. | ஏறத்தாழ 367 ச.மி.மீ. | 864 ச.மி.மீ. |
| 50 மி.மீ. கோணம் தரும் லென்ஸ் | 25 மி.மீ. | 33–35 மி.மீ. | 50 மி.மீ. |
| சிறிய பாடி, பேட்டரியோடு | ஓஎம்-5: 414 கிராம் | சோனி ஏ6700: 493 கிராம் | சோனி ஏ7சி 2: 514 கிராம் |
| எஃப்/2.8 நடுத்தர ஜூம் | பானசோனிக் 12–35: 305 கிராம் | சிக்மா 18–50: 290 கிராம் | சிக்மா 28–70: 470 கிராம் |
| எஃப்/2.8 தொலை ஜூம் | பானசோனிக் 35–100: 360 கிராம் | ஃபூஜி 50–140: 995 கிராம் | சோனி 70–200, இரண்டாம் பதிப்பு: 1,045 கிராம் |

கேனானின் ஏபிஎஸ்-சி சென்சார் சற்றே சிறியது. ஃபூஜி லென்ஸ் சோனி பாடியில் பொருந்தாது. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒன்று தெளிவாகும். பாடிகளுக்கு இடையிலான எடை வேறுபாடு 100 கிராம்தான். கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போது எல்லாமே ஒன்றுபோல் தோன்றுவதும் இதனால்தான். நடுத்தர ஜூமிலும் வேறுபாடு தாங்கக்கூடியதே. கடைசி வரிக்கு வரும்போதுதான் மூன்று தரப்புகளும் உண்மையில் பிரிகின்றன. பாடி, நடுத்தர ஜூம், தொலை ஜூம் மூன்றையும் கூட்டினால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 1,079 கிராமும் ஃபுல் ஃபிரேமில் 2,029 கிராமும் வருகின்றன. எனவே உங்களுக்குத் தொலை ஜூம் தேவையா இல்லையா என்பதை முடிவு செய்யாமல் சென்சாரை முடிவு செய்ய முடியாது.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்

ஒலிம்பஸும் பானசோனிக்கும் 2008இல் சேர்ந்து தொடங்கிய இந்த மவுண்டே (லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பு) மிரர்லெஸ் கேமராக்களின் தொடக்கம். அந்த ஆண்டு வந்த பானசோனிக் ஜி1தான் முதல் பாடி. இரு நிறுவனங்களின் லென்ஸ்களும் இரு நிறுவனப் பாடிகளிலும் பொருந்தும் என்பதால், பழைய லென்ஸ்கள் ஏராளமாகக் கைமாறுகின்றன. சென்சார் சிறிதாக இருப்பதால் அதை அசைத்து அதிர்வை ஈடுசெய்வது எளிதாகிறது. முக்காலியோ கிம்பலோ (அதிர்வைத் தணிக்கும் கைப்பிடி) இல்லாமல் கையில் பிடித்து எடுக்கும் வீடியோவின் நிலைத்தன்மையில் இந்தத் தரப்பு நெடுங்காலமாகவே முன்னணியில் இருக்கிறது.

சபாவின் பின்வரிசையில் உட்கார்ந்து மகளின் நடனத்தைப் பதிவு செய்ய விரும்பும் பெற்றோருக்கு மேலே சொன்ன 35–100 எஃப்/2.8 லென்ஸ் கிட்டத்தட்ட தனித்துவமானது. 360 கிராமில் 70–200 கோணம் வேறெந்தத் தரப்பிலும் அதே துளையோடு கிடைப்பதில்லை. நடனத்தின் புகைப்படத்துக்குக் குறைந்தது 1/250 ஷட்டர் வேகம் வேண்டியிருப்பதால் ஐஎஸ்ஓ உயரும், இரைச்சல் தெரியும். ஆனால் மேடை விளக்கு நேரடியாக முகத்தில் விழும் நிகழ்ச்சிகளில் அது வீட்டுத் திரையில் பார்ப்பவரை உறுத்துவதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பானசோனிக் பல ஆண்டுகள் மாறுபாட்டை மட்டும் அளந்து குவிக்கும் ஆட்டோஃபோகஸையே பயன்படுத்தியது. வீடியோவில் முகத்தைப் பின்தொடரும்போது பின்னணி துடிப்பதுபோல் விரிந்து சுருங்கும். இந்தத் துடிப்பைத் தவிர்க்கும் கட்ட வேறுபாட்டு (ஃபேஸ் டிடெக்ஷன்) ஆட்டோஃபோகஸ் அந்நிறுவனத்தின் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பாடிகளுக்கு வந்தது 2023இல் ஜி9 மார்க் 2 வழியாகத்தான். ஆகவே செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஜிஎச்5, முதல் ஜி9 ஆகியவை கையால் குவிப்பவருக்கு மிகச் சிறந்தவை, தன்னைத் தானே படம்பிடித்துக்கொண்டு நடப்பவருக்கு ஏற்றவையல்ல. அடுத்து, ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021 ஜனவரியில் ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனத்துக்குக் கைமாறிவிட்டது. புதிய பாடிகள் வந்துகொண்டிருந்தாலும், வாங்கும் முன் மும்பையில் யார் பழுது பார்க்கிறார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பின்னணி மங்கல் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். எஃப்/1.7 லென்ஸ் ஒளியை எஃப்/1.7ஆகவே தந்தாலும், மங்கலை ஃபுல் ஃபிரேமின் எஃப்/3.4 அளவுக்குத்தான் தரும். திருமண உருவப்படத்தில் இது குறை. ஆனால் தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் பொங்கலன்று வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கும் பெண்கள் எல்லோரும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றால் இதுவே நிறை.

ஏபிஎஸ்-சி

பெரும்பாலான வாசகர்கள் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் இதுதான் என்பது என் துணிபு. காரணம் சென்சாரில் இல்லை, லென்ஸ் சந்தையில் இருக்கிறது. சிக்மாவின் 18–50 எஃப்/2.8, அதே நிறுவனத்தின் 16, 30, 56 மி.மீ. எஃப்/1.4 மூன்று லென்ஸ்கள் ஆகியவை இந்தத் தரப்பின் முகத்தையே மாற்றிவிட்டன. 30 மி.மீ. லென்ஸின் எடை 265 கிராம், 56 மி.மீ. லென்ஸின் எடை 280 கிராம். ஃபுல் ஃபிரேமின் எஃப்/2 லென்ஸுக்கு நிகரான மங்கலும் ஒளியும் அதைவிடக் குறைந்த செலவில் கிடைக்கின்றன. இவை சோனி இ, ஃபூஜி எக்ஸ் மவுண்டுகளில் முன்பே வந்துவிட்டன. நிக்கான் இசட் மவுண்டுக்கு எஃப்/1.4 மூன்றும் 2023இல் வந்தன. கேனானின் ஆர்எஃப் மவுண்டில் பிற நிறுவன ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் ஏபிஎஸ்-சிக்கு 2024இல்தான் வரத் தொடங்கின. ஆர்50 போன்ற 375 கிராம் கேனான் பாடிகள் கைக்கு அடக்கமானவை என்றாலும், அடுத்த லென்ஸ் எது, அது உண்மையில் கடையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அவற்றை எடுக்கலாம்.

பாடிகளுக்குள் உள்ள வேறுபாடு இங்கே மிகப் பெரியது என்பதால் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. சோனி இசட்வி-இ10 விலையில் குறைந்தது, 343 கிராம்தான், யூடியூபில் தொடங்குபவர்கள் பலரின் கையில் இருப்பதும் அதுவே. ஆனால் அதன் முதல் பதிப்பில் பாடிக்குள் அதிர்வு ஈடுசெய்யும் வசதி இல்லை. மின்னணு முறையில் ஈடுசெய்தால் படத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரும் இல்லை என்பதால் மே மாத வெயிலில் மரைன் டிரைவில் திரையைப் பார்த்து ஃபோகஸ் சரியா என்று கண்டுபிடிப்பது கடினம். கேமராவை வேகமாகத் திருப்பும்போதும், ஓடும் லோக்கலிலிருந்து வெளியே எடுக்கும்போதும் மின்கம்பங்கள் சாய்ந்து தெரியும் அளவுக்கு அதன் சென்சார் மெதுவாகப் படிக்கிறது. சிறிய எஃப்டபிள்யூ50 பேட்டரி நீண்ட நிகழ்ச்சிக்குப் போதாது. சமையல் மேடைக்கு மேல் முக்காலியில் நிலையாக நிறுத்தி எடுப்பவருக்கு இவற்றில் எதுவுமே குறையாகாது. அவர் கூடுதலாகச் செலவிட வேண்டியதில்லை. நடந்துகொண்டே எடுப்பவர் ஏ6700, ஃபூஜி எக்ஸ்-எஸ்20 போன்ற அதிர்வு ஈடுசெய்யும் பாடிகளுக்கு உயர வேண்டும். ஏ6700, சோனியின் ஃபுல் ஃபிரேம் பாடிகள் பயன்படுத்தும் அதே பெரிய எஃப்இசட்100 பேட்டரியைக் கொள்கிறது; நாளை பாடியை மாற்றினாலும் பேட்டரியும் சார்ஜரும் வீணாகா.

இந்தத் தரப்பின் குறை தொலைவுதான். எஃப்/2.8 தொலை ஜூம் தேவைப்பட்டால் ஒரு கிலோ எடைக்குப் போய்விடுகிறோம். பிறகு சிறிய பாடி வாங்கியதன் பொருளே குறைந்துவிடுகிறது. முன்வரிசையில் இடம் கிடைக்கும் என்றால் 56 மி.மீ. எஃப்/1.4 ஒன்றே அரங்கேற்றத்துக்குப் போதும். அந்த உறுதி இல்லாதவர் மேலே சொன்ன மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பகுதியை மறுபடி படிக்கலாம்.

சிறிய ஃபுல் ஃபிரேம்

ஆட்டோஃபோகஸ் கொண்ட ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் 2013இல் சோனி ஏ7 வழியாக வந்தது. கேனானும் நிக்கானும் 2018இல் சேர்ந்துகொண்டன. அண்மை ஆண்டுகளில் ஏ7சி 2, பானசோனிக் எஸ்9 போன்றவை ஏபிஎஸ்-சி பாடியின் பருமனுக்கே இறங்கிவிட்டதால், இனிச் சிறிய சென்சார் எதற்கு என்ற கேள்வி எழுகிறது. அது நியாயமான கேள்வி. 28 மி.மீ. எஃப்/2, 50 மி.மீ. எஃப்/1.8 போன்ற 200 கிராமுக்கு உட்பட்ட இரண்டு லென்ஸ்களோடு நின்றுவிடக்கூடியவருக்கு இதுவே மூன்றிலும் சிறந்த தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. எண்ணெய் விளக்கொளியில் எடுக்கும் வீட்டு விழா, இரவு வீதிகள், குழந்தையின் முகம் ஆகியவற்றில் பெரிய சென்சாரின் மேன்மை கண்ணுக்கு நேரடியாகத் தெரியும்.

சிறிதாக்குவதற்காக இந்தப் பாடிகளிலிருந்து எதை எடுத்தார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஏ7சி 2இல் கார்டு துளை ஒன்றே. 4கே வீடியோவை நொடிக்கு 50 அல்லது 60 ஃபிரேமில் எடுத்தால் சென்சாரின் ஏபிஎஸ்-சி பகுதியை மட்டுமே பயன்படுத்துகிறது, அதாவது நடனத்தின் அசைவை மெதுவாக்கிக் காட்ட விரும்பும் வேளையில் நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பரப்பில் பாதிக்கு மேல் வேலை செய்யாது. எஸ்9இல் வ்யூஃபைண்டரும் இல்லை, இயந்திர ஷட்டரும் இல்லை. மேலே உள்ள பொருத்துமிடத்தில் மின்தொடர்பு இல்லாததால் ஃபிளாஷையும் பயன்படுத்த முடியாது. மின்னணு ஷட்டர் மட்டுமே உள்ள கேமராவால் எல்இடி விளக்கு மேடையில் புகைப்படம் எடுத்தால் குறுக்கே பட்டைகள் விழ வாய்ப்பு அதிகம். ஆகவே திருமணப் படப்பிடிப்பைத் தொழிலாகக் கொள்பவர் இந்தச் சிறிய ஃபுல் ஃபிரேம் பாடிகளை முதன்மைக் கேமராவாக வாங்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன். இரண்டு கார்டு துளையுள்ள சோனி ஏ7 நான்காம் பதிப்பு, பானசோனிக் எஸ்5 மார்க் 2 போன்ற சற்றுப் பெரிய பாடிகளோ, அதே வசதியுள்ள ஜி9 மார்க் 2வோ அந்தத் தொழிலுக்கு உரியவை. மணமக்கள் வீட்டாருக்குக் கேமரா சிறிதா பெரிதா என்பது முக்கியமில்லை. தாலி கட்டும் காட்சி கார்டோடு அழிந்துபோனால் அதற்கு ஈடு எதுவும் இல்லை.

விலைப்பட்டியலில் எழுதப்படாத செலவுகள்

மூன்று தரப்புக்கும் பொதுவானது, மும்பைக்கே உரியது, பலர் இரண்டாவது மழைக்காலத்தில்தான் உணர்வது லென்ஸ் பூஞ்சை. ஜூன் முதல் செப்டம்பர்வரை இந்நகரின் காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. தோல் பையிலோ மர அலமாரியிலோ துணி சுற்றி வைத்த லென்ஸின் உட்புறக் கண்ணாடியில் நூல்போல் படரும் பூஞ்சை, மேற்பூச்சை அரித்துவிட்டால் சுத்தம் செய்த பிறகும் தழும்பு நிற்கும். ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைத்திருக்கும் டிரை கேபினெட் ஒன்றை லென்ஸ் விலையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். அதற்கு இடமோ பணமோ இல்லையென்றால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியும் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்திக்கொண்டால் போதும். மூன்று சிறிய லென்ஸ்கள் ஒரு சாப்பாட்டு டப்பாவில் அடங்கும். ஒரு கிலோ தொலை ஜூமுக்கு அலமாரியே வேண்டும். இதையும் சென்சார் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிரூட்டிய ஷண்முகானந்தா அரங்கிலிருந்து ஜூலை மாதத் தெருவுக்கு வரும்போது கேமராவை உடனே பையிலிருந்து எடுக்காமல் அரை மணி நேரம் விட்டுவைத்தால் கண்ணாடியில் நீர் படியாது.

மழையிலேயே எடுக்க வேண்டும் என்றால் தேர்வு சுருங்கிவிடுகிறது. ஓஎம்-5 பாடி தூசு, நீர்த்துளிக் காப்புக்கான ஐபி53 தரச்சான்று பெற்றது. அதே நிறுவனத்தின் காப்புள்ள லென்ஸோடு சேர்த்தால் தூறலுக்கும் வொர்லி கடற்கரையின் உப்புச் சாரலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. சிக்மா 18–50இல் காப்பு மவுண்ட் இணையும் இடத்தில் மட்டுமே உண்டு. இசட்வி-இ10, ஆர்50 இரண்டிலும் காப்பே கிடையாது.

வெயிலில் வீடியோ எடுக்க, லென்ஸுக்கு முன் மாட்டி ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்று வைத்தால் துளையை எஃப்/22வரை மூட வேண்டியிருக்கும், எஃப்/2.8இல் எடுக்க ஆறு ஸ்டாப் ஒளியைத் தடுத்தாக வேண்டும். லென்ஸின் விட்டம் பெருகப் பெருக ஃபில்டரின் விலையும் ஏறும்: மேலே அட்டவணையில் உள்ள நடுத்தர ஜூம்களுக்கு முறையே 58, 55, 67 மி.மீ. ஃபில்டர்கள் தேவை.

கார்டில் பலர் தேவைக்கு மேல் செலவிடுகிறார்கள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். மூன்று மணி நேர அரங்கேற்றத்துக்கு 135 ஜிபி. வி30 தரக் கார்டு நொடிக்கு 30 மெகாபைட் எழுத உறுதியளிப்பதால் இதற்கு அதுவே தாராளம், வி90 தேவையில்லை. கார்டில் மிச்சப்படுத்தியதை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் செலவிடுங்கள்.

டிஜிட்டல் கேமராக்களுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்குப் பிறகும் பில் இல்லாமல் வாங்கினால் விலை குறையும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கோட்டைப் பகுதியின் போரா பஜாரிலோ இணையத்திலோ எங்கே வாங்கினாலும், ஜிஎஸ்டி பில்லும் இந்திய வாரண்டிக் கார்டும் இல்லாத பொருளின் விலையைக் குறைந்த விலை என்று எண்ண வேண்டாம். ஒரே ஒரு மதர்போர்டு பழுது அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். இந்நகரில் நாலைந்து மழைக்காலம் கடந்த லென்ஸ்களில் பூஞ்சை அரிதல்ல.

யாருக்கு எது

பகலில், வீட்டாருக்கு வாட்ஸப்பில் அனுப்ப மட்டும் எடுப்பவருக்குக் கைபேசியே போதும். அவர் எதையும் வாங்க வேண்டாம்.

தொலைவிலிருந்து மேடையை எடுப்பவர், மழையிலும் கூட்டத்திலும் அலைபவர், செம்பூர் செட்டா நகர் முருகன் கோவிலின் 108 படிகளை முழங்கால் வலியோடு ஏறுகிறவர் ஆகியோருக்கு மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ். வீட்டுக்குள்ளும் தெருவிலும் மாறி மாறி எடுக்க வேண்டும், செலவுக்கு வரம்பு உண்டு, லென்ஸை ஒவ்வொன்றாகச் சேர்க்க விருப்பம் என்பவருக்கு ஏபிஎஸ்-சி. பாடிக்கு ஒதுக்கிய தொகைக்குக் குறையாத தொகையை லென்ஸுக்கும் ஒதுக்க வேண்டும். இரவும் முகங்களுமே தன் பொருள் என்று அறிந்தவர், இரண்டு சிறு லென்ஸ்களுக்கு மேல் ஆசைப்படாதவர் சிறிய ஃபுல் ஃபிரேமை எடுக்கலாம். தொழில்முறைத் திருமணக்காரருக்கு முன்பே சொன்னதுபோல் இரண்டு கார்டு துளையே முதல் நிபந்தனை, சென்சார் அதற்கு அடுத்தது.

இன்னும் முடிவுக்கு வர இயலாதவர்கள், இந்நகரில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தயங்கும் இரண்டு இணைகளையும் ஒரே வாரக் கடைசிக்கு எடுத்து, உங்கள் பட்டியலிலேயே மிக இருண்ட இடத்தில் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர், திறந்த துளை என்று இரண்டையும் ஒரே அமைப்பில் வைத்துப் பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். ஐஎஸ்ஓவை மட்டும் கேமராவே தேர்ந்தெடுக்கட்டும். மறுநாள் உங்கள் மிக நீண்ட நடையில் ஒன்றை ஒரு வேளையும் மற்றதை மறு வேளையும் சுமந்து பாருங்கள். பதிவை கேமராத் திரையில் அல்ல, வீட்டார் பார்க்கப்போகும் அதே தொலைக்காட்சியில் போட்டு, எது எந்தக் கேமரா என்று சொல்லாமல் அவர்களிடம் காட்டுங்கள். வேறுபாட்டை அவர்களால் சொல்ல முடியவில்லை என்றால் எடை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். சொல்ல முடிந்தால், எந்தக் காட்சியில் சொன்னார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தக் காட்சிக்கு உரிய லென்ஸின் விலையை முதலில் விசாரியுங்கள்.